பட்டி ஹாலி

பட்டி ஹாலி (செப்டம்பர் 7, 1936 - பெப்ரவரி 3, 1959) அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பாடகரும் பாடலாசிரியரும் கிட்டார் இசைக்கலைஞரும் ஆவார். இவரது இயற்பெயர் சார்லஸ் ஹார்டின் ஹாலி. ராக் அண்ட் ரோல் இசையின் முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். தாமே பாடல் எழுதி, தமது குழுவினருடன் தாமே இசைத்துப் பாடிய தொடக்ககால ராக் இசைக்கலைஞர்களுள் குறிப்பிடத்தக்கவர். இவரது முதல் வெற்றிப்பாடல் 1957இல் வெளிவந்தது. அப்பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்து ஒன்றரை ஆண்டு நிறைவதற்குள், தமது 22ஆவது வயதில், அயோவா மாநிலத்தில் நிகழ்ந்த வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். இவரது பாடல்கள் த பீட்டில்ஸ், த ரோலிங் ஸ்டோன்ஸ் முதலிய பிரித்தானிய இசைக்குழுக்களிடம் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தின.

இளமைக் காலம்

பட்டி ஹாலி டெக்சாசின் மேற்குப் பகுதியில் உள்ள லபக் என்னும் நகரில் லாரன்ஸ் ஹாலி, எல்லா ஹாலி ஆகியோரின் நான்காவது குழந்தையாகப் பிறந்தார். வீட்டின் கடைக்குட்டி ஆதலால் சிறு வயதிலேயே "பட்டி" என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தந்தை பல தொழில்களை மாறி மாறிச் செய்து குடும்பத்தைக் காத்தார். பருத்தி விளையும் இச்சமவெளிப் பகுதியில் பாப்டிஸ்ட் திருச்சபையின் கட்டுப்பாடு வலுவாக இருந்தது. ஹாலி குடும்பத்தினரும் தவறாமல் தேவாலயம் செல்பவர்கள். தந்தையைத் தவிர வீட்டில் அனைவருக்கும் இசைக்கருவி வாசிக்கவோ பாடவோ தெரியும்.

ஐந்து வயதில் தம் அண்ணன்மாருடன் ஒரு திறமைப் போட்டியில் கலந்துகொண்டு ஐந்து டாலர் பரிசு பெற்றார். அவருக்கு வயலின் வாசிக்கத் தெரியாது. எனவே ஒலி எழாமல் இருப்பதற்காக அண்ணன் லாரி வில்லில் மசகு தடவி விட்டிருந்தார். பாட்டுக்கே பரிசு கிடைத்தது. பின்னர் பியானோவும் ஸ்டீல் கிட்டாரும் சிறிது காலம் கற்று, அவற்றைக் கைவிட்டுச் சாதாரண கிட்டாருக்கு வந்தார். இன்னோர் அண்ணனான டிராவிஸ் அதில் முதல் பாடங்களைக் கற்றுக்கொடுத்தார்.

பள்ளித்தோழரான பாப் மான்ட்கோமரியுடன் இணைந்து "பட்டி அண்ட் பாப்" என்ற பெயரில் பாடத் தொடங்கினார். ஹேங்க் வில்லியம்ஸ் போன்றோரின் கன்ட்ரி இசையையும் புளூகிராஸ் இசையையும் இவ்விருவரும் பாடினர். 1953 முதல் உள்ளூர் வானொலி நிலையமான கே.டி.ஏ.வி.யில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் இவர்களுக்கு இடம் கிடைத்தது. அதே வேளையில், இரவு நேரங்களில் தொலைதூர வானொலி நிலையங்கள் ஒலிபரப்பிய கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ் இசையையும் ஹாலி ஆர்வத்துடன் கேட்டு வந்தார். இன ஒதுக்கல் நடைமுறையில் இருந்த நகரில் வளர்ந்த வெள்ளையின இளைஞன் ஒருவனுக்கு அவ்விசை பெரும்பாலும் வானொலி வழியாகவே எட்டியது.

1955இல் எல்விஸ் பிரெஸ்லி லபக் நகருக்கு வந்து பாடியபோது, அவருக்கு முன்னதாக மேடையேறிப் பாடும் வாய்ப்பு பட்டி அண்ட் பாப் குழுவுக்குக் கிட்டியது. ஹாலியின் இசை திசை திரும்பியது இதன் பிறகே எனலாம். அவ்வாண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த அவர், அண்ணன் லாரியிடம் கடன் வாங்கி ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை மின்கிட்டார் ஒன்றை வாங்கினார். அக்காலத்தில் அது புதிய வடிவமைப்பு. பின்னாளில் ராக் இசையின் அடையாளமாகவே ஆகிவிட்ட இக்கிட்டாரை மக்கள் கண்முன் கொண்டுவந்தவர்களுள் ஹாலி முதன்மையானவர்.

நாஷ்வில் தோல்வி

1955 அக்டோபரில் பில் ஹேலியின் குழு லபக்கில் நடத்திய நிகழ்ச்சியில் ஹாலி பாடியதைக் கேட்ட ஒரு முகவரின் முயற்சியால், 1956இன் தொடக்கத்தில் டெக்கா நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவர் அவரது குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். அந்தப் பிழையான எழுத்துக்கூட்டலையே ஹாலி தமது மேடைப்பெயராக வைத்துக்கொண்டார்.

நாஷ்வில் நகரில் ஓவன் பிராட்லியின் கூடத்தில் அவ்வாண்டு மூன்று முறை ஒலிப்பதிவு நடந்தது. எந்தப் பாடல், எந்த இசைக்கலைஞர், எவ்வளவு வேகம் என்பவற்றையெல்லாம் தயாரிப்பாளர்களே முடிவு செய்தனர். அவர்கள் கன்ட்ரி இசையில் தேர்ந்தவர்கள். ஹாலி விரும்பியதோ வேறு. வெளியான இரண்டு இசைத்தட்டுகளும் விற்கவில்லை. ஜூலை 22 அன்று பதிவான "தட்ல் பி த டே" என்ற பாடலை நிறுவனம் வெளியிடவே இல்லை. ஜான் வெய்ன் நடித்த "த சர்ச்சர்ஸ்" திரைப்படத்தில் கதைநாயகன் அடிக்கடி சொல்லும் தொடர் ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு, ஹாலியும் டிரம்ஸ் கலைஞர் ஜெர்ரி ஆலிசனும் எழுதிய பாடல் அது. 1957 சனவரியில் டெக்கா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒப்பந்தத்தின் ஒரு விதியில் இருந்தது. டெக்காவுக்காகப் பாடிய பாடல்களை ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எவருக்காகவும் பதிவு செய்யக்கூடாது என்பதே அவ்விதி. ஹாலி நிறுவன அலுவலரைத் தொலைபேசியில் அழைத்துப் பாடலை விடுவிக்கக் கேட்டுப் பார்த்தார், பயன் இல்லை. அந்த உரையாடலை அவர் ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்தார். அந்நாடா இன்றும் கிடைக்கிறது. இருபது வயது இளைஞர் ஒருவர் பணிவு குறையாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் தம் பாடலுக்காக வாதிடுவதை அதில் கேட்கலாம்.

குளோவிஸ் ஒலிப்பதிவுகள்

லபக்கிலிருந்து சுமார் 160 கி.மீ. தொலைவில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் குளோவிஸ் என்ற சிற்றூரில், நார்மன் பெட்டி என்ற இசைக்கலைஞர் சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் நடத்தி வந்தார். பிற இடங்களில் மணிக் கணக்கில் கட்டணம் வாங்குவது வழக்கம். பெட்டி பாடல் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கினார். கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரே பாட்டை விடியும் வரை செப்பனிட இதனால் இடம் கிடைத்தது. சாலையில் சுமையுந்துகளின் இரைச்சல் அடங்கிய பிறகே பணி தொடங்கும். ஹாலியின் புகழ்பெற்ற பாடல்களுள் பெரும்பாலானவை இங்கு உருவானவையே.

1957 பெப்ரவரி 25 அன்று "தட்ல் பி த டே" பாடல் இங்கு மீண்டும் பதிவாயிற்று. டெக்காவின் தடையிலிருந்து தப்புவதற்காக ஹாலியின் பெயரைத் தவிர்த்து, குழுவுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பூச்சிகளின் பெயர்களைப் பரிசீலித்து, வண்டு என்று பொருள்படும் பெயரை ஒதுக்கிவிட்டு, சிள்வண்டைக் குறிக்கும் "த கிரிக்கெட்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தனர். அவர்கள் ஒதுக்கிய பெயருக்கு நெருங்கிய ஒரு பெயரைப் பின்னர் லிவர்பூல் இளைஞர்கள் சூடிக்கொண்டது தனிக்கதை. பாடலை மே மாதத்தில் வெளியிட்டது பிரன்ஸ்விக் நிறுவனம். அதுவோ டெக்காவின் கிளை நிறுவனமே. ஆகவே டெக்கா எதிர்ப்பைக் கைவிட்டது. செப்டம்பர் 23 அன்று அப்பாடல் பில்போர்டு இதழின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. நவம்பரில் பிரித்தானியாவில் மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

குழுவில் ஹாலியுடன் ஜெர்ரி ஆலிசன், டபுள் பாஸ் வாசித்த ஜோ மால்டின், இரண்டாம் கிட்டார் வாசித்த நிக்கி சல்லிவன் ஆகியோர் இருந்தனர். சல்லிவன் 1957 இறுதியில் விலகிக்கொண்டார். குழுவின் பெயரில் வந்த பாடல்கள் பிரன்ஸ்விக்கிலும், ஹாலியின் பெயரில் வந்தவை கோரல் என்ற மற்றொரு கிளை நிறுவனத்திலும் வெளியாயின. இரண்டிலும் வாசித்தவர்கள் ஏறத்தாழ அதே ஆட்கள்தாம்.

இசையின் தன்மை

ஹாலியின் குரல் எல்விசின் குரலைப் போல ஆழமானதோ, லிட்டில் ரிச்சர்டின் குரலைப் போல முழக்கமிடுவதோ அன்று. ஒரே அசையை விக்கலெடுப்பது போல் பல துண்டுகளாக உடைத்துப் பாடுவதும், கனத்த குரலிலிருந்து சட்டென்று குழந்தைக் குரலுக்குத் தாவுவதும் அவரது தனி முத்திரை. "பெக்கி சூ" பாடலில் ஒரு பெண்ணின் பெயரை அவர் எத்தனை விதமாக உச்சரிக்கிறார் என்பதைக் கவனித்தால் இது விளங்கும். அப்பாடலுக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. ஆலிசன் தம் காதலியின் பெயரை வைக்கும்படி கேட்டதால் மாற்றப்பட்டது. பாடல் முழுவதும் ஓயாமல் உருளும் டிரம்ஸ் ஒலி, அணிவகுப்புகளில் பயன்படும் பயிற்சி அடி ஒன்றிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை சென்ற பாடல் இது.

குளோவிசில் கருவிகள் குறைவாக இருந்ததும் ஒரு வகையில் நன்மையாயிற்று. "எவ்ரிடே" பாடலில் ஆலிசன் டிரம்ஸை விடுத்துத் தம் தொடைகளைத் தட்டியே தாளம் போட்டார். பெட்டியின் மனைவி வை பெட்டி, மணியோசை தரும் செலஸ்டா என்ற கருவியை வாசித்தார். "நாட் ஃபேட் அவே" பாடலில் அட்டைப் பெட்டி ஒன்று டிரம்ஸ் ஆயிற்று. அதன் தாளம் போ டிட்லியிடமிருந்து பெற்றது. "வேர்ட்ஸ் ஆஃப் லவ்" பாடலில் ஹாலி தம் குரலின் மேல் மீண்டும் தாமே பாடி, இரு குரல்களாக ஒலிக்கச் செய்தார். அக்கால ராக் இசையில் இது அரிதான முயற்சி.

இரண்டு கிட்டார், ஒரு பாஸ், ஒரு டிரம்ஸ் என்ற அமைப்பு இன்று ராக் குழுக்களுக்கு இயல்பானதாகத் தோன்றுகிறது. அவ்வமைப்பைப் பரவலாக்கியதில் கிரிக்கெட்ஸ் குழுவுக்குப் பெரும் பங்குண்டு. மற்றொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஹாலிக்குக் கண்பார்வை மிகவும் குறைவு. தொடக்கத்தில் கண்ணாடி இல்லாமல் மேடையேறப் பார்த்தார். பின்னர் தடித்த கறுப்புச் சட்டமிட்ட கண்ணாடியைத் தயங்காமல் அணிந்தே பாடினார். ஒல்லியான, கண்ணாடி அணிந்த, பக்கத்து வீட்டுப் பையனைப் போன்ற ஒருவரும் ராக் பாடகராக முடியும் என்பது பல இளைஞர்களுக்குத் துணிவு தந்தது. ஜான் லெனனும் கண்ணாடி தேவைப்பட்டவரே.

புகழின் உச்சியில்

1957 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள அப்பல்லோ அரங்கில், கறுப்பினக் கலைஞர்களுடன் ஒரு வாரம் கிரிக்கெட்ஸ் குழு பாடியது. டிசம்பர் 1 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினர். 1958 சனவரி 26 அன்று மீண்டும் அழைக்கப்பட்டபோது, "ஓ, பாய்!" பாடல் வேண்டாம் என்று சல்லிவன் கூறினார். ஊரில் உள்ளவர்களிடம் அதைப் பாடுவதாகச் சொல்லிவிட்டதாகக் கூறி ஹாலி அதையே பாடினார். அன்று அவரது கிட்டாரின் ஒலி வெகுவாகக் குறைக்கப்பட்டிருந்தது. மூன்றாம் முறை அழைப்பு வந்தபோது ஹாலி மறுத்துவிட்டார்.

அதையடுத்து ஆஸ்திரேலியாவிலும், 1958 மார்ச் மாதம் பிரித்தானியாவிலும் பயணம் செய்தனர். பிரித்தானியாவில் 25 நாட்களில் ஏறத்தாழ 50 நிகழ்ச்சிகள். மார்ச் 2 அன்று லண்டன் பல்லேடியம் அரங்கிலிருந்து ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஹாலியின் விரல்கள் கிட்டாரில் எங்கெங்கே பதிகின்றன என்பதைப் பல இளைஞர்கள் கூர்ந்து நோக்கினர். இவர்களுள் லெனனும் பால் மெக்கார்ட்னியும் அடங்குவர்.

1958 சூன் மாதம் நியூயார்க்கில் இசைப் பதிப்பகம் ஒன்றில் வரவேற்பாளராகப் பணியாற்றிய மரியா எலெனா சாந்தியாகோவை ஹாலி சந்தித்தார். இவர் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். முதன்முதலாக இருவரும் வெளியே சென்று உணவருந்திய அன்றே ஹாலி திருமணம் பற்றிப் பேசினார். ஆகஸ்ட் 15 அன்று லபக்கில் திருமணம் நடைபெற்றது.

திருமணத்திற்குப் பின் ஹாலி கிரீனிச் வில்லேஜ் பகுதியில் குடியேறினார். ஆலிசனும் மால்டினும் டெக்சாசிலேயே தங்க விரும்பினர், குழு பிரிந்தது. மேலாளராகவும் இருந்த பெட்டி பல பாடல்களில் தம் பெயரையும் இணை ஆசிரியராகச் சேர்த்திருந்தார். வருமானமும் அவர் கையிலேயே இருந்தது. கணக்கு கேட்டு ஹாலி அவரை விட்டு விலகினார். பணம் வந்து சேரவில்லை. உலகமெங்கும் பாடல்கள் ஒலித்துக்கொண்டிருந்த வேளையில், அவற்றைப் பாடியவர் கைச்செலவுக்குத் திண்டாடினார்.

இசையில் இதே காலம் வளமானதாக இருந்தது. 1958 அக்டோபர் 21 அன்று டிக் ஜேக்கப்ஸின் வாத்தியக் குழுவுடன், வயலின் முதலிய நரம்பிசைக் கருவிகள் சூழ, "ட்ரூ லவ் வேஸ்", பால் அன்கா எழுதிய "இட் டசன்ட் மேட்டர் எனிமோர்" உள்ளிட்ட நான்கு பாடல்களைப் பதிவு செய்தார். லபக்கைச் சேர்ந்த இளம் வானொலி அறிவிப்பாளர் வேலன் ஜென்னிங்ஸின் முதல் இசைத்தட்டைத் தயாரித்ததும் அவ்வாண்டில்தான். வீட்டில் ஒலிநாடாக் கருவி ஒன்றை வைத்து, கிட்டார் மட்டும் துணையாகச் சில புதிய பாடல்களைப் பதிந்து வைத்தார்.

இறுதிப் பயணமும் இறப்பும்

பணத்தேவை காரணமாக "வின்டர் டான்ஸ் பார்ட்டி" என்ற இசைப்பயணத்திற்கு ஹாலி ஒப்புக்கொண்டார். 24 நாட்களில் 24 நகரங்கள். 1959 சனவரி 23 அன்று மில்வாக்கியில் பயணம் தொடங்கியது. ரிச்சி வேலன்ஸ், "பிக் பாப்பர்" எனப்பட்ட ஜே. பி. ரிச்சர்ட்சன், டியான் அண்ட் த பெல்மான்ட்ஸ் ஆகியோரும் உடன் சென்றனர். ஹாலியின் புதிய குழுவில் ஜென்னிங்ஸ் பாஸும், டாமி ஆல்சப் கிட்டாரும், கார்ல் பன்ச் டிரம்ஸும் வாசித்தனர்.

ஊர்களின் வரிசை திட்டமில்லாமல் அமைந்திருந்தது. கடும் பனிக்காலத்தில், நாளொன்றுக்குச் சில நூறு கிலோமீட்டர், முன்னும் பின்னுமாக அலைய வேண்டியிருந்தது. பேருந்துகளின் வெப்பக் கருவிகள் பழுதாயின. விஸ்கான்சின் காட்டுப்பகுதியில் ஓர் இரவு பேருந்து நின்றுவிட, உள்ளே செய்தித்தாள்களை எரித்துக் குளிர் காய்ந்தனர். கால்களில் பனிவெடிப்பு ஏற்பட்டுக் கார்ல் பன்ச் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதன் பின் மற்றவர்கள் மாறி மாறி டிரம்ஸ் வாசித்தனர்.

பெப்ரவரி 2 அன்று அயோவாவின் கிளியர் லேக் ஊரில் உள்ள சர்ஃப் அரங்கில் நிகழ்ச்சி. அடுத்தது சுமார் 590 கி.மீ. தொலைவில் மினசோட்டாவின் மூர்ஹெட் நகரில். இன்னொரு இரவைப் பேருந்தில் கழிக்க விரும்பாத ஹாலி, ஓய்வெடுக்கவும் துணி துவைக்கவும் நேரம் கிடைக்கும் என்று கருதி, அருகிலுள்ள மேசன் சிட்டியிலிருந்து சிறிய பீச்கிராஃப்ட் பொனான்சா வானூர்தி ஒன்றை வாடகைக்கு அமர்த்தினார். ஆளுக்கு 36 டாலர். விமானியைத் தவிர மூவருக்கே இடம். முதலில் ஹாலியும் அவரது குழுவினர் இருவரும் செல்வதாக இருந்தது. ரிச்சர்ட்சனுக்குக் காய்ச்சல் கண்டிருந்ததால் ஜென்னிங்ஸ் தம் இடத்தை அவருக்குக் கொடுத்தார். ஆல்சப்பும் வேலன்ஸும் நாணயம் சுண்டிப் பார்த்தனர், வேலன்ஸ் வென்றார். புறப்படும் முன் ஹாலி, பேருந்து மீண்டும் உறைந்து நிற்கட்டும் என்று ஜென்னிங்ஸைக் கேலி செய்தார். பதிலுக்கு ஜென்னிங்ஸ், வானூர்தி விழட்டும் என்று வேடிக்கையாகச் சொன்னார். பின்னாளில் கன்ட்ரி இசையில் பெரும்புகழ் பெற்ற அவரை இச்சொற்கள் பல்லாண்டுகள் வருத்தின.

பெப்ரவரி 3 அதிகாலை ஒரு மணியளவில் புறப்பட்ட வானூர்தி, சில நிமிடங்களில் விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ. தொலைவுக்குள் ஒரு சோள வயலில் விழுந்து நொறுங்கியது. காலை ஒன்பதரை மணிக்குப் பிறகே சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. ஹாலி (22), வேலன்ஸ் (17), ரிச்சர்ட்சன் (28), விமானி ரோஜர் பீட்டர்சன் (21) ஆகிய நால்வரும் உயிரிழந்தனர். அப்போது கருவுற்றிருந்த மரியா எலெனா, கணவரின் இறப்பைத் தொலைக்காட்சிச் செய்தி வழியாக அறிந்தார். சிறிது காலத்தில் கருவும் கலைந்தது.

அமெரிக்க அரசின் குடிசார் வானூர்தி வாரியம் விசாரணை நடத்தியது. வெளியே ஒன்றும் தெரியாத நிலையில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியை விமானி பெற்றிருக்கவில்லை. மோசமாகிவந்த வானிலை பற்றிய எச்சரிக்கைகள் அவருக்குச் சரிவரத் தெரிவிக்கப்படவில்லை. வானூர்தியின் சாய்வைக் காட்டும் கருவி அவர் பழகியதற்கு நேர்மாறான முறையில் காட்டும் வகையைச் சேர்ந்தது என்று வாரியம் கூறியது. ஹாலியின் கைத்துப்பாக்கி பின்னர் அவ்வயலில் கிடைத்ததால் வதந்திகள் எழுந்தன. 2007இல் ரிச்சர்ட்சனின் உடல் தோண்டி எடுத்து ஆராயப்பட்டபோது, துப்பாக்கிச் சூட்டுக்கான அறிகுறி எதுவும் காணப்படவில்லை.

அன்றிரவு மூர்ஹெட் நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. இடத்தை நிரப்ப அருகிலுள்ள ஃபார்கோவைச் சேர்ந்த 15 வயது பாபி வீ தம் குழுவுடன் பாடினார். அவரது இசைவாழ்வு அங்கே தொடங்கிற்று. பெப்ரவரி 7 அன்று லபக்கில் ஹாலியின் இறுதிச் சடங்கு நடைபெற்றது. கல்லறைக் கல்லில் அவரது பெயர், ஒப்பந்தத்தில் விடுபட்ட அந்த எழுத்துடன், குடும்பத்தினர் எழுதும் முறையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

தாக்கம்

"இட் டசன்ட் மேட்டர் எனிமோர்" 1959 ஏப்ரலில் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. வீட்டு ஒலிநாடாக்களில் இருந்த பாடல்களுக்கு வாத்திய இசை சேர்க்கப்பட்டு, அவை பல ஆண்டுகள் புதிய வெளியீடுகளாக வந்துகொண்டிருந்தன. இச்சேர்க்கைகளைவிட, தனிக் கிட்டாருடன் ஒலிக்கும் மூலப் பதிவுகளே மேலானவை என்பது கேட்போர்க்குப் புலப்படும்.

பீட்டில்ஸ் குழுவின் முன்னோடியான குவாரிமென் 1958இல் செய்த முதல் ஒலிப்பதிவு "தட்ல் பி த டே" பாடலே. பீட்டில்ஸ் "வேர்ட்ஸ் ஆஃப் லவ்" பாடலை 1964இல் பாடினர். அதே ஆண்டு "நாட் ஃபேட் அவே" ரோலிங் ஸ்டோன்ஸின் தொடக்க வெற்றிகளுள் ஒன்றாயிற்று. 1976இல் ஹாலியின் பாடல்களின் வெளியீட்டு உரிமையை மெக்கார்ட்னி வாங்கினார். விபத்துக்கு மூன்று நாட்கள் முன் துலூத் நகர நிகழ்ச்சியைக் கண்டவர்களுள் 17 வயது பாப் டிலனும் ஒருவர். 2017இல் அளித்த தமது நோபல் உரையை ஹாலியைப் பற்றியே அவர் தொடங்கினார்.

டான் மெக்லீன் 1971இல் வெளியிட்ட "அமெரிக்கன் பை" பாடல் இவ்விபத்தை மையமாகக் கொண்டது. விழுந்த வானூர்தியின் பெயர் அதுவே என்று சில இடங்களில் எழுதப்படுவது தவறு. அவ்வானூர்திக்குப் பெயர் எதுவும் இல்லை, பதிவெண் மட்டுமே இருந்தது. ஹாலியின் வாழ்க்கை 1978இல் கேரி பியூசி நடிப்பில் திரைப்படமாகவும், 1989இல் லண்டனில் இசை நாடகமாகவும் வந்தது. 1986இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டவர்களுள் இவரும் ஒருவர். அப்போது சேர்க்கப்படாத கிரிக்கெட்ஸ் குழுவினர் 2012இல் சேர்க்கப்பட்டனர்.

ஹாலியின் கண்ணாடி விபத்து நடந்த இடத்தில் பனியில் புதைந்து கிடந்தது. வசந்தத்தில் பனி உருகியபின் அது எடுக்கப்பட்டு, உள்ளூர் அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, ஓர் உறையினுள் மறக்கப்பட்டது. 1980இல் மேசன் சிட்டியின் நீதிமன்றக் கட்டிடத்தில் பழைய கோப்புகளிடையே அவ்வுறை கிடைத்தது. பின்னர் அக்கண்ணாடி லபக்கில் உள்ள பட்டி ஹாலி மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.